ஏழாம் எண் அகராதி

டீச்சர்,

இன்று காலை ஏழாம் எண் அகராதி என் மேசைக்குத் திரும்பி வந்தது. ஒரு நாள் தாமதம். யாழினி தன் மஞ்சள் பையிலிருந்து அதை எடுத்து வைத்ததும் நான் முதலில் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்குத் தெரியும். அட்டை பிய்ந்திருக்கிறதா என்று பார்க்கவில்லை, பக்கம் மடங்கியிருக்கிறதா என்று புரட்டவில்லை. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தேன். ஏலக்காய். டீயில் போடுகிற காய்ந்த ஏலக்காய் இல்லை. செடியிலிருந்து பறித்த பச்சைக் காயின் ஈரமும் காரமும் கலந்த வாசனை. மூன்று வருடங்களுக்கு முன்னால் இதே வாசனையை வைத்துத்தான் உங்களைத் திருடி என்று முடிவு செய்தேன்.

நீங்கள் போய் நாலு மாதம் ஆகப்போகிறது. உங்களுக்கு இப்படி ஒரு கடிதம் எழுதுவதில் என்ன பிரயோசனம் என்று எனக்கே சந்தேகம்தான். எதில்தான் எனக்குச் சந்தேகம் இல்லை? பால் பாக்கெட்டில் தேதியைப் பார்ப்பேன், அப்புறம் அந்தத் தேதியை யாராவது அழித்து எழுதியிருக்கிறார்களா என்றும் பார்ப்பேன். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால் அந்த சீட்டில் என்ன கோளாறு என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன். தேனியிலிருந்து சின்னமனூர் வரை ஆறு வருடம் என் பக்கத்து சீட்டில் வந்தவர் நீங்கள். வீரபாண்டி தாண்டியதும் டிபன் பாக்ஸைத் திறந்து ஒரு இட்லியை எடுத்து என் கையில் வைப்பீர்கள்.

“சாப்பிடுங்க டீச்சர். வெசம் வைக்கல.”

நான் சிரித்துக்கொண்டேதான் வாங்குவேன். ஆனாலும் சட்னியை ஒரு தடவை முகர்ந்துகொள்வேன். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பீர்கள்.

அந்த இருபது அகராதிகளும் வந்த நாள் நினைவிருக்கிறதா? நம் பள்ளியில் படித்துத் திருப்பூரில் தொழில் செய்கிற ஒருவர் அட்டைப் பெட்டியில் அனுப்பியிருந்தார். ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஒருவர் காரணமில்லாமல் இருபது அகராதி அனுப்புவாரா என்று நான் அந்தப் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். பிறகு மார்க்கரால் ஒன்று முதல் இருபது வரை எண் போட்டேன். இருப்புப் பதிவேட்டில் ஏற்றினேன். பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். தலைமையாசிரியை என்ற முறையில் அத்தோடு என் வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். நான்காம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்த நீங்கள் மறுநாளே வந்து கையை நீட்டினீர்கள்.

“சாவி குடுங்க டீச்சர்.”

“எதுக்கு?”

“பிள்ளைகளுக்கு அகராதி பாக்கச் சொல்லித் தரணும்.”

“கிழிச்சிருவாக.”

“கிழிஞ்சா ஒட்டிக்கிருவோம். பூட்டி வச்சா கரையானுக்குத்தான் தமிழ் வரும்.”

கொடுத்தேன். ஒவ்வொரு புதன்கிழமையும் நான் எண்ணிப் பார்ப்பேன் என்றும், ஒரு புத்தகம்கூடப் பள்ளி வாசலைத் தாண்டக்கூடாது என்றும் சொல்லித்தான் கொடுத்தேன். நீங்கள் தலையாட்டினீர்கள். அந்தத் தலையாட்டலிலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. நீங்கள் அவ்வளவு சீக்கிரம் எதற்கும் தலையாட்டுகிற ஆள் இல்லை.

அதற்கப்புறம் உங்கள் வகுப்பில் நடந்ததையெல்லாம் நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேற்பார்வை என்று சொல்லிக்கொண்டேன், வேவு பார்த்தேன் என்பதுதான் உண்மை. முதல் நாள் நீங்கள் பாடமே நடத்தவில்லை. ஆளுக்கொரு புத்தகத்தைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு நடுவில் திறக்கச் சொன்னீர்கள். ச-விலோ த-விலோ விழுந்தது. “இப்ப க எந்தப் பக்கம் இருக்கும்? ப எந்தப் பக்கம் இருக்கும்?” என்று கேட்டீர்கள். பிள்ளைகள் இடது கையையும் வலது கையையும் மாறி மாறித் தூக்கினார்கள். நாள் முழுக்க இதே விளையாட்டு. ஒரு சொல்லுக்குக்கூட அர்த்தம் பார்க்கவில்லை. அரசுச் சம்பளம் வாங்கிக்கொண்டு புத்தகத்தைத் திறந்து மூடுகிறார்கள் என்று நான் மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் நகப்பூச்சு. பக்கங்களின் ஓரத்தில் உயிரெழுத்துக்குச் சிவப்பு, க வரிசைக்கு நீலம், ச வரிசைக்குப் பச்சை என்று தடவியிருந்தீர்கள். பதிவேட்டில் ஏறிய பொருளில் நகப்பூச்சா என்று கத்தினேன். “பிள்ளைக கண்ணுக்கு வழி தெரியணும்ல டீச்சர்” என்றீர்கள். கோபத்தில் இருந்ததால் அந்தப் பச்சை உங்களுக்கு எங்கே கிடைத்தது என்று கேட்க மறந்துபோனேன். இன்றுவரை தெரியாது.

பிறகு மதியச் சாப்பாட்டு வரிசை. உங்கள் பிள்ளைகள் பதினெட்டுப் பேரும் தட்டோடு பெயரின் அகராதி வரிசைப்படிதான் நிற்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தீர்கள். அபிநயாவுக்குப் பின்னால் அரவிந்த், அவனுக்குப் பின்னால் அன்புச்செல்வன். ர முதலிலா ன முதலிலா என்று தட்டை வைத்துக்கொண்டு சண்டை போட்டார்கள். “ய ர ல வ ழ ள ற ன” என்று பாட்டாகப் பாடித் தீர்ப்புச் சொல்லிக்கொண்டார்கள். சாம்பார் ஆறிப்போகிறது என்று சமையல்காரம்மா என்னிடம் வந்து புலம்பினார். ஐந்தாம் வகுப்பு வைஷ்ணவி தினமும் கடைசியில் நின்று கண்ணைக் கசக்கினாள். உடனே நீங்கள் வியாழக்கிழமைகளில் அம்மா பெயர் வரிசை என்று மாற்றினீர்கள். வைஷ்ணவியின் அம்மா பெயர் அமுதா. அவள் முதல் ஆளாக வந்து நின்றாள். இந்தப் பிள்ளை மேல் மட்டும் டீச்சருக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று அதையும் குறித்துக்கொண்டேன்.

அந்த வைஷ்ணவிதான் ஒரு நாள் அகராதியோடு மல்லுக்கு நின்றாள். ‘காடு’ என்ற சொல்லுக்கு வனம் என்று போட்டிருந்ததை வாசித்துவிட்டு எழுந்தாள்.

“டீச்சர், புத்தகம் தப்பு. எங்க அப்பாயி தெனமும் காட்டுக்குப் போறாக. அங்கன நெலக்கடலைதான் இருக்கு. மரமே கெடையாது.”

நானாக இருந்தால் உட்கார் என்று சொல்லியிருப்பேன். நீங்கள் கரும்பலகைக்குப் போய் நிலக்கடலைக் காட்டையும் எழுதிப் போட்டீர்கள். புத்தகத்தையும் சந்தேகப்படலாம் என்று சொன்னீர்கள். “ஒரே பொருள்னு நாலு சொல்லு போட்டிருப்பாக. நம்பாதீக. ரெண்டு சொல்லு ஒருநாளும் ஒண்ணா இருக்காது. எங்கன வேறயா இருக்குன்னு தேடுங்க.” மழை, தூறல், சாரல் மூன்றுக்கும் வித்தியாசம் கேட்டீர்கள். மேகமலைப் பக்கம் கையைக் காட்டி, அங்கிருந்து வந்தால் சாரல் என்று அத்தனை பேரும் கத்தினார்கள். அன்று பஸ்ஸில் என்னிடம் சொன்னீர்கள்: “டீச்சர், நீங்க அகராதிக்குன்னே பொறந்தவுக. எதையும் நம்பமாட்டீக. சந்தேகம் வராதவனுக்கு அகராதி எதுக்கு?” கேலியா பாராட்டா என்று எனக்குப் புரியவில்லை. கேலி என்றே எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் வகுப்பில் வைத்திருந்த அந்தப் பிஸ்கட் டின், சந்தேக டப்பா, அதையும் நான் திறந்து பார்த்தேன் என்று உங்களுக்குத் தெரியுமா? ஒவ்வொரு பிள்ளையும் தினம் ஒரு புரியாத சொல்லைச் சீட்டில் எழுதிப் போட வேண்டும் என்பது உங்கள் வழக்கம். அந்தச் சீட்டுகளில் என்னைப் பற்றிப் புகார் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. எல்லோரும் சாப்பிடப் போனபோது திறந்தேன். பயந்தது சரிதான், இருந்தது. ‘பெரிய டீச்சர் கறார்னு டீச்சர் சொன்னாக. கறார்னா என்ன?’ என்று ஒரு சீட்டு. அதற்குக் கீழே, கண்டிப்பு, விட்டுக்கொடுக்காமை, கொடுமை என்று வேறொரு கையெழுத்து வரிசையாகத் தேடி எழுதியிருந்தது. கொடுமையை மட்டும் அடித்துவிட்டு, ‘பெரிய டீச்சர் அடிக்க மாட்டாக’ என்று பக்கத்தில் குறித்திருந்தது. அன்று எனக்கு ஒன்றே ஒன்றுதான் கண்ணில் பட்டது. நீங்கள் என் முதுகுக்குப் பின்னால் பிள்ளைகளிடம் என்னைப் பற்றிப் பேசுகிறீர்கள்.

அந்த ஆத்திரத்தில்தான் புதன்கிழமைக் கணக்கைச் சந்தேகப்பட்டேன். புதன்கிழமை எண்ணுவேன் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்த நாளில் எண்ணினால் எந்தத் திருடன் அகப்படுவான்? ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், நீங்கள் முன்னாலேயே பஸ் ஸ்டாப்புக்குப் போன பிறகு, என்னிடம் இருந்த மாற்றுச் சாவியால் பீரோவைத் திறந்தேன். பதினேழு. ஏழு, பன்னிரண்டு, பதினைந்து மூன்றும் இல்லை. பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து வாயே திறக்காமல் தேனி வரை வந்தேன். உங்கள் பையையே பார்த்துக்கொண்டு வந்தேன். “தலைவலியா டீச்சர்?” என்று கேட்டீர்கள். திங்கட்கிழமை மத்தியானம் பார்த்தால் மூன்றும் பீரோவில் உட்கார்ந்திருந்தன. எடுத்து முகர்ந்தேன். மூன்றிலும் பச்சை ஏலக்காய்.

உங்கள் அண்ணனுக்குப் போடியில் ஏலக்காய்க் கடை. இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? வெள்ளிக்கிழமை புத்தகத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போகிறார்கள், அண்ணன் பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் டியூஷன் எடுக்கிறார்கள், நம் பிள்ளைகளின் புத்தகம் அங்கே புரள்கிறது. பத்தே நிமிடத்தில் மொத்தக் கதையையும் கட்டி முடித்தேன். அதில் ஒரு வரியைக்கூடச் சரிபார்க்க எனக்குத் தோன்றவில்லை. போடிக்கு நம்மூரிலிருந்து ஒரு பஸ் ஏறினால் போதும். ஏறவில்லை.

அதற்குப் பதிலாகப் பிள்ளைகளைக் கூப்பிட்டு விசாரித்தேன். ஒவ்வொருவராக, தனித்தனியாக. முதலில் வைஷ்ணவி. “ஏழாம் நம்பர் புத்தகம் வெள்ளிக்கிழமை எங்க போச்சு?”

“டீச்சர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாக.”

அடுத்து அரவிந்த். “டீச்சர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாக.”

மூன்றாவதாக அபிநயா. அதே சொற்கள், அதே வரிசை, அதே ராகம்.

டீச்சர், என் புத்தியை நான் இன்னும் மன்னிக்காத இடம் இதுதான். பால் பாக்கெட்டை நம்பாதவள், சட்னியை நம்பாதவள், மூன்று பிள்ளைகள் ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்தது மாதிரி சொன்னபோது அதை அப்படியே நம்பினேன். யார் சொல்லிக்கொடுத்தது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. வாழ்நாளில் நான் சந்தேகப்பட்டே ஆகவேண்டிய ஒரு நாள் வந்தது. அன்றைக்குப் பார்த்து நான் நம்பிக்கைக்காரியாகிப் போனேன்.

அன்று மாலையே அலுவலகத்துக்கு எழுதினேன். பள்ளிச் சொத்துகளைத் தனிப்பட்ட பயனுக்கு எடுத்துச் சென்று வருகிறார் என்று எழுதினேன். நல்ல தமிழில், அகராதி பார்த்து எழுதினேன். இருபதாம் எண்.

விசாரணைக்கு வந்த அதிகாரி என் அறையில் வைத்துத்தான் உங்களைக் கேட்டார். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். “புத்தகத்தை நீங்க எடுத்துட்டுப் போனீங்களா?” நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கோபம் இல்லை, கெஞ்சலும் இல்லை. கணக்குப் பாடத்தில் ஒரு பிள்ளை எங்கே தப்பு விட்டது என்று தேடுகிற பார்வை அது. பிறகு அவரிடம் திரும்பி, “ஆமா சார்” என்றீர்கள். எதற்கு என்று கேட்டார். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று திருப்பிக் கேட்டீர்கள். உங்களைக் கடமலைக்குண்டுப் பக்கம் மாற்றினார்கள். உங்கள் பணிப் பதிவேட்டில் ஒரு குறிப்பும் ஏறியது.

கடைசி நாள் இருபது புத்தகத்தையும் கொண்டுவந்து என் மேசையில் அடுக்கினீர்கள். நகப்பூச்சு ஓரங்கள் எல்லாம் ஒரே பக்கமாக இருந்தன. சிவப்பு, நீலம், பச்சை.

“எண்ணிக்கிருங்க டீச்சர்.”

எண்ணினேன். உங்களை நிற்க வைத்துக்கொண்டு எண்ணினேன். பத்தொன்பதுக்கு அப்புறம் எங்கேயோ தவறிவிட்டது என்று இன்னொரு தடவையும் முதலிலிருந்து எண்ணினேன். “சரியா இருக்கு” என்றேன். அன்று நான் ஏறிய பஸ்ஸில் நீங்கள் ஏறவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு நின்றீர்கள். பக்கத்து சீட்டில் யாரோ கருவேப்பிலைக் கட்டை வைத்துக்கொண்டு வந்தார்கள்.

ஒன்றரை மாதம் கழித்துப் பெற்றோர் கூட்டத்துக்கு வைஷ்ணவியின் அம்மா அமுதா வந்தார். கூட்டம் முடிந்தும் போகாமல் வாசற்படியில் நின்றார். என்ன என்று கேட்டேன். சொல்வதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு முதலில் என்னைக் கேட்டார்: “சொன்னா எழுதிப் போட்டுருவீகளா?”

மாட்டேன் என்றேன். நம்பவில்லை. சாமி படத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னார், சொன்னேன்.

“புத்தகத்த டீச்சர் எடுத்துட்டுப் போகல. நாங்கதான் எடுத்துட்டுப் போனோம். வெள்ளிக்கெழம வாரம் மூணு வீட்டுக்குப் புத்தகம் வரும். வீட்டுல எல்லாரும் ஆளுக்கொரு சொல்லு பாக்கணும், தெரியாதவுகளுக்குப் பிள்ளை பாத்துச் சொல்லணும். டீச்சர் ஏற்பாடு. நாங்க சனிக்கெழம அதப் பையில போட்டு வேலைக்குப் போற ஏலத்தோட்டத்துக்கே கொண்டு போயிருவோம். திரும்பி வாரப்ப ஜீப்புல ஒண்ணரை மணி நேரம் சும்மாதான உக்காந்து வாரோம்? வாசிப்போம். சிரிப்பா இருக்கும்.”

அமுதாவின் பை என் முன்னால் நாற்காலியில் இருந்தது. நான் குனிய வேண்டிய அவசியமே இல்லை. அறை முழுக்க அந்த வாசனைதான்.

“இவ்வளவுதானா? இதை ஏன் மறைச்சீக?”

“ஜீப்புக்காரவுக ஒரு தாள் கொண்டாந்தாக டீச்சர். மலை ரோட்டுல ஏதாச்சும் ஆகிப்போச்சுன்னா இழப்பீடு கோர மாட்டோம்னு ஒப்புதல் தாரோம்னு போட்டிருந்துச்சு. எழுத்துக் கூட்டி வாசிச்சிட்டோம், என்ன ஏதுன்னு வெளங்கல. வீட்டுல எம்மக ‘இ... ய ர ல வ ழ’ன்னு பாடிக்கிட்டே இழப்பீடுங்கிற சொல்லத் தேடி எடுத்தா. அடையாளம் வச்சுக் குடுத்தா. மறுநா ஜீப்புல பன்னெண்டு பேருக்கும் வாசிச்சுக் காட்டினேன். ஒருத்தியும் கையெழுத்துப் போடல. யாரு சொல்லிக் குடுத்தா, யாரு புத்தகம் குடுத்தான்னு கேட்டு வந்தாக. எம்பேரு தெரிஞ்சா ஜீப்புல ஏத்த மாட்டாக. டீச்சருகிட்ட போயி அழுதேன். ‘யாரு கேட்டாலும் புத்தகத்த டீச்சர்தான் எடுத்துட்டுப் போனாகன்னு சொல்லுங்க, பிள்ளைகளுக்கும் சொல்லிருங்க’ன்னாக. நீங்க கேப்பீகன்னு நாங்க நெனக்கல.”

அவர்கள் இப்போது வேறு ஜீப்பில் போகிறார்கள், அதனால்தான் சொல்ல முடிந்தது என்றார். போகும்போது இன்னொரு தடவை கேட்டார்: “எழுதிப் போட்டுற மாட்டீகளே?”

அன்றே உங்களுக்கு ஒரு போன் செய்திருக்கலாம். எண் என் போனில் இருந்தது. ‘நான் தப்புப் பண்ணிட்டேன் டீச்சர்’ என்பது நாலே சொல். ஒரு வாரம் தள்ளினேன். அப்புறம் பரீட்சை, அப்புறம் விடுமுறை. அப்புறம், நீங்கள் ஏன் என்னிடம் உண்மையைச் சொல்லவில்லை என்று உங்கள் மேலேயே கோபம் வந்தது. ஆறு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவளை நீங்கள் சந்தேகப்பட்டுவிட்டீர்களே என்று பொருமினேன். யார் சொல்கிறது பாருங்கள்!

ஒரே ஒரு தடவை கடமலைக்குண்டுக்கு வந்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. லீவு போட்டுவிட்டு, ஒரு டஜன் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு வந்தேன். உங்கள் பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே வேப்ப மரத்தடியில் நின்றேன். மதியச் சாப்பாட்டு நேரம். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நின்றார்கள். ஒருத்தன் இன்னொருத்தனைத் தள்ளி, “ல-வுக்கு அப்புறந்தான்டா வ” என்று கத்தினான். நீங்கள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே வந்தீர்கள். வாசல் பக்கம் பார்த்த மாதிரி இருந்தது. நான் மரத்துக்குப் பின்னால் போய்விட்டேன். இந்தப் பிள்ளைகளிடமும் ‘ஒரு பெரிய டீச்சர் இருந்தாக’ என்று என் கதையைச் சொல்லியிருப்பீர்களோ என்று அந்த நேரத்திலும் ஒரு நினைப்பு ஓடியது. பழத்தைப் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த கைப்பிள்ளைக்காரியிடம் கொடுத்துவிட்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

இந்த வருடம் ஆடி மாதத்தில் ஆசிரியர்கள் வாட்ஸப் குழுவில் உங்கள் படம் வந்தது. கீழே ஆழ்ந்த இரங்கல் என்று போட்டிருந்தது. தப்பான படத்தைப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நம்பினேன். நாலு பேருக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஐந்தாவதாக உங்கள் எண்ணுக்கே போட்டேன். உங்கள் அண்ணன் எடுத்தார். மூன்று நாள் காய்ச்சல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது என்றார். நான் யார் என்று சொன்னேன். “பெரிய டீச்சரா? தங்கச்சி சொல்லும். சாம்பார்ல உப்பு பாக்காம பிள்ளைகளச் சாப்பிட விடமாட்டாக, அப்பேர்ப்பட்ட மனுசின்னு சொல்லும்” என்றார். அழுதேன், டீச்சர். எனக்கு உங்கள் மேல் இருந்ததெல்லாம் பிரியம்தான். அதைச் சந்தேகத்தைத் தவிர வேறு மாதிரி காட்ட எனக்குத் தெரியாமல் போயிற்று.

அதற்கப்புறம் நான்காம், ஐந்தாம் வகுப்பை நானே எடுத்துக்கொண்டேன். ஆள் பற்றாக்குறை என்று வெளியே சொன்னேன். நடுவில் திறக்கச் சொன்னேன், ச-வில் விழுந்தது. பிஸ்கட் டின்னைத் தேடி எடுத்துத் தூசி தட்டினேன். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் உங்கள் வாய்தான் வருகிறது: “சந்தேகம் வந்தா வெக்கப்படாதே. பொரட்டிப் பாரு.” வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறீர்கள். ஜன்னலுக்கு வெளியே நின்றவளுக்கும் சேர்த்துத்தான் சொன்னீர்களா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இதைப் புரட்டிப் பார்க்கத்தான் வழியில்லை.

புரட்டாசியிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் மூன்று புத்தகம் வீட்டுக்குப் போகிறது. போன வெள்ளி ஏழாம் எண் யாழினிக்குப் போனது. வைஷ்ணவியின் தங்கை, நான்காம் வகுப்பு. திங்கட்கிழமை காலை முதல் மணி அடிப்பதற்குள் அலுவலகத்திலிருந்து ஒருவர் ஆய்வுக்கு வந்து நின்றார். அன்றைக்கு வந்தவர் இல்லை, வேறு ஆள், சின்ன வயசு. பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பிலேயே அகராதிகளை எண்ணினார். பத்தொன்பது. மலையில் நல்ல மழை, ஜீப் இறங்காமல் அமுதா தோட்டத்திலேயே தங்கிவிட்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது.

“ஏழாம் நம்பர் எங்க?” என்று அவர் பிள்ளைகளைப் பார்த்துக் கேட்டார்.

யாழினி எழுந்தாள். பயந்துபோயிருந்தாள். ஆனால் வாய் தயாராக இருந்தது.

“பெரிய டீச்சர் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனாக.”

சத்தியமாக நான் சொல்லிக்கொடுக்கவில்லை, டீச்சர். அதே சொற்கள், அதே வரிசை, அதே ராகம். அக்காவிடமிருந்து தங்கைக்கு வந்திருக்கிறது. பெயர் மட்டும்தான் மாறியிருந்தது. பக்கத்து பெஞ்சில் இரண்டு பிள்ளைகள் ஆமா ஆமா என்று தலையாட்டினார்கள். அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

“எடுத்துட்டுப் போனீங்களா மேடம்?”

உங்கள் பார்வை எனக்கு அப்போதுதான் விளங்கியது. இந்தப் பிள்ளையைக் காட்டிக்கொடுப்பதா என்ற கேள்வியே அங்கே இல்லை. வாயில் ஒரே ஒரு பதில்தான் இருந்தது.

“ஆமா சார்” என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும், மூன்று மாதமாகக் கைப்பையிலேயே வைத்திருந்த கடிதத்தை எடுத்து நீட்டினேன். விசாரிக்காமல் எழுதினேன், அவர் எந்தப் புத்தகத்தையும் தனக்காக எடுத்துச் செல்லவில்லை, அந்தக் குறிப்பை நீக்க வேண்டும் என்று எழுதி அடியில் கையெழுத்துப் போட்டிருந்தேன். வாசித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

“அவங்கதான் இப்ப இல்லையே மேடம். இனிமே எதுக்கு?”

“அவுக இல்ல. எழுதினது இருக்கு சார்.”

“அன்னைக்கு அவங்க எடுத்துட்டுப் போனதா எழுதியிருக்கு. இன்னைக்கு நீங்க எடுத்துட்டுப் போறீங்க. என்ன மேடம் ஸ்கூல் இது?” என்று சொல்லிக்கொண்டே கடிதத்தைக் கோப்பில் வைத்தார். உண்மையிலேயே மேலே கொடுப்பாரா, வழியில் கிழித்துப் போடுவாரா என்று எனக்குத் தெரியாது. அவரைப் பார்த்தால் நம்பிக்கை வரவில்லை. நகல் எடுத்து வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை நேரிலேயே போய்க் கேட்கப்போகிறேன். கொடுக்கவில்லை என்றால் மறுபடியும் எழுதுவேன். என் புத்தி இந்த ஒரு காரியத்துக்காவது உதவட்டும்.

இன்று காலை புத்தகத்தை வைத்துவிட்டு யாழினி போகாமல் நின்றாள். என்ன என்றேன். “அம்மா கேக்கச் சொன்னாக. உங்கள எழுதிப் போட்டுட்டாகளா?” என்றாள். எழுதிவிட்டார்கள், பரவாயில்லை, போய் உட்கார் என்றேன்.

அவள் போன பிறகு ஏழாம் எண்ணை மற்றவற்றோடு அடுக்கி, பீரோவை மூடுவதற்கு முன் எண்ணினேன். பழக்கம் விடுமா? இருபது.

ஒரு தடவைதான் எண்ணினேன், டீச்சர்.